குந்தச் சொல்லிப் பார்த்த மருத்துவம்: மார்த்தாண்டத்தில் நான்கு மாத நடுவலிச் சிகிச்சை

இந்த மதிப்புரை மார்த்தாண்டத்தில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய தொலைவில், ஒரு கட்டடத்தின் மாடியில் இயங்கும் சிறிய பிசியோதெரபி நிலையத்தைப் பற்றியது. கடந்த மாசி மாதம் தொடங்கி ஆனி மாதம் வரை பதினோரு முறை அங்கே போய் வந்தேன். குத்தவைத்து உட்காரும்போது வரும் நடுவலிக்காக, அதாவது அடிமுதுகு வலிக்காகப் போனேன். ஒன்றேகால் ஆண்டாக விடாமல் இருந்த வலி அது. நிறைகளோடு குறைகளையும் எழுதப் போவதால் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அங்கே என்ன செய்தார்கள், எந்த வரிசையில் செய்தார்கள் என்று தெரிந்தால், இதே வலியோடு இருப்பவர் தம் ஊரில் உள்ள நிலையத்தையும் அதைக் கொண்டு அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

என் வேலையைச் சொல்லாமல் என் வலியைச் சொல்ல முடியாது. குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. 420 மரங்களை இரண்டாகப் பிரித்து, ஒன்றுவிட்ட நாள் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 210 மரம் நானே பால் வெட்டுகிறேன். ஒட்டுமரம் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்ததும் தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் முதல் வெட்டுப் போடுவது வழக்கம். அந்த உயரத்தில் நின்ற நிலையிலேயே வெட்டி முடித்துவிடலாம். பட்டையை மெல்லியதாகச் சீவச் சீவ வெட்டு கீழே இறங்கிக்கொண்டே வரும். ஆண்டுகள் போகப் போக அது இடுப்புக்கும், பிறகு முழங்காலுக்கும், கடைசியில் பால் பிடிக்கும் சிரட்டை தரையைத் தட்டும் அளவுக்கும் வந்து சேரும். ஒரு நாளில் நான் வெட்டும் 210 மரங்களில் ஏறக்குறைய எண்பது மரங்களின் வெட்டு முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. அவை ஒவ்வொன்றிலும் குத்தவைத்து, இடப்பக்க மேல்முனையிலிருந்து வலப்பக்கக் கீழ்முனை வரை கத்தியை இழுத்துக்கொண்டே உடம்பையும் மரத்தைச் சுற்றி நகர்த்தி, பிறகு எழ வேண்டும். விடியும் முன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இதை எண்பது முறை செய்கிற ஒருவனுக்கு, கீழே போய் நிற்கும் அந்தக் கடைசிச் சாணில்தான் வலி இருந்தது. வால் எலும்புக்கு நான்கு விரல் மேலே, கொஞ்சம் வலப்பக்கமாக, ஒரு பட்டை வைத்து இறுக்கியது போலப் பிடிக்கும். எழும்போது அது கத்தி போலக் குத்தி விடும். நிற்கும்போது வலி இல்லை, நடக்கும்போது இல்லை, படுத்தால் இல்லை. குந்தினால் மட்டும் உண்டு.

இந்த நிலையத்துக்குப் போகும் முன் மூன்று இடங்களுக்குப் போயிருந்தேன். ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்து, நான்காவது ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றும், இனிமேல் குந்தவே கூடாது, குனியக் கூடாது, வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறை வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். பால் வெட்டுகிறவன் குந்தாமல் எப்படிப் பிழைப்பது என்று நான் கேட்டதற்கு விடை கிடைக்கவில்லை. மருந்துக்கடையில் 650 ரூபாய்க்கு இடுப்புப் பட்டை ஒன்றை வாங்கி இரண்டு மாதம் கட்டிக்கொண்டேன். கட்டியிருக்கும்போது இதமாக இருந்தது, குந்தும்போது வலி அப்படியே இருந்தது. பிறகு, எங்கள் பக்கத்தில் எல்லாரும் போவது போல, வர்ம ஆசான் ஒருவரிடம் போனேன். “மக்களே, நடு நல்லா இறுகிக் கெடக்கு” என்று சொல்லி ஏழு நாள் எண்ணெய் தேய்த்துத் தடவி விட்டார். அவருடைய கை தெரிந்த கை. உடம்பு இளகி, மூன்று வாரம் நிம்மதியாக உறங்கினேன். ஆனால் தோட்டத்தில் இறங்கி அதே மரத்தடியில் அதே மாதிரி உட்கார்ந்ததும் வலி திரும்ப வந்தது. அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்: இந்த மூன்று இடங்களிலும் என்னைப் படுக்க வைத்தார்கள், உட்கார வைத்தார்கள், படம் எடுத்தார்கள், எந்த நிலையில் வலிக்கிறது என்று சொன்னேனோ அந்த நிலையில், எழுந்து நின்று ஒரு முறை குந்திக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை.

மார்த்தாண்டத்து நிலையத்தில் கேட்டார்கள். என் மதிப்பில் அந்த நிலையத்தின் முதல் தகுதி அதுவே.

அங்கே சிகிச்சை அளிப்பவர் முப்பது வயதை ஒட்டிய ஒரு பெண் மருத்துவர். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொண்டார். முதல் இருபது நிமிடமும் கேள்விகள். சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா, தொடைகளுக்கு நடுவே சைக்கிள் சீட் படும் இடத்தில் மரத்துப் போகிறதா, கால் தளர்கிறதா, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்திருக்கும்போதும் விடாத இரவு வலி, விழுந்த அடி, பழைய புற்றுநோய் ஏதும் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று சொல்லியிருந்தாலும் என்னைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் உரிய மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன் என்று பிறகு விளக்கினார். அடுத்துச் சிறு சுத்தியலால் முழங்காலிலும் குதிகாலிலும் தட்டிப் பார்த்தார். நுனிக்காலாலும் குதிகாலாலும் நடக்கச் சொன்னார். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்கிப் பார்த்தார். வலி காலுக்கு ஓடவில்லை, நரம்பு நசுங்கியதற்கான அடையாளம் இல்லை என்பது உறுதியானது.

அதன் பிறகுதான் “அண்ணா, மரத்தடியில எப்படி இருப்பீங்களோ, அப்படியே இருந்து காட்டுங்க” என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினேன். பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படம் பிடித்தார். ஐந்து முறை குந்தச் சொல்லிவிட்டு அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டு எனக்கே காட்டினார். இருபது ஆண்டாகச் செய்யும் ஒரு காரியத்தை அன்றுதான் நான் வெளியிலிருந்து பார்த்தேன். பாதி தூரம் வரை முதுகு நன்றாக இருந்தது. தொடை கிடைமட்டத்தைத் தாண்டியதும் இடுப்பு எலும்பு திடுக்கென்று உள்ளே சுருண்டது. அடிமுதுகு வில்லாக வளைந்தது. அதோடு உடம்பு முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தது. வலது குதிகால் தரையைவிட்டு ஒரு விரல் அளவுக்கு எழும்பியிருந்தது. அது எழும்புகிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

காரணம் தேடச் சுவர் ஓரமாக நிறுத்தினார். பெருவிரலைச் சுவரிலிருந்து சிறிது தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து தொட முடிகிறதோ அது கணுக்காலின் வளைவு. இடது காலில் 10 சென்டிமீட்டர், வலது காலில் 4. பல ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தில் மழைக்குழியில் கால் வைத்து வலது கணுக்கால் பிசகி ஒரு மாதம் நொண்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீக்கம் வடிந்ததும் அதை மறந்துவிட்டேன், ஆனால் மூட்டு இறுகியே இருந்திருக்கிறது. கணுக்கால் மடங்காதபோது முழங்கால் முன்னே போக முடியாது. முழங்கால் முன்னே போகாவிட்டால் பின்னே விழாமல் இருக்க உடம்பு முன்னே சாய வேண்டும், அல்லது இடுப்பு உள்ளே சுருள வேண்டும். என் உடம்பு இரண்டையும் செய்துகொண்டிருந்தது, அதுவும் ஒரு பக்கமாக. இதைச் சொல்லி நிறுத்தாமல், இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள பலகையைக் குதிகால்களுக்கு அடியில் வைத்து மறுபடியும் குந்தச் சொன்னார். பத்துக்கு ஆறு என்று நான் சொல்லியிருந்த வலி அந்த நொடியிலேயே இரண்டாகக் குறைந்தது. மருந்து கொடுக்கவில்லை, கை வைக்கவில்லை. ஒரு பலகைத் துண்டு போதுமானதாக இருந்தது. அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட ஆறுதலை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கடைசியாகத்தான் பார்த்தார். ஜவ்வுப் பிதுக்கம் இல்லை என்று அவர் மறுக்கவில்லை. முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைச் சொன்னார். அதில் நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட பிதுக்கம் இருந்தது; இருபது வயதிலேயே நூற்றுக்கு 30 பேருக்கும், எண்பதில் 84 பேருக்கும் இருந்தது. எனக்கு வயது 41. படத்தில் தெரிவது எல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது, முடி நரைப்பது போல வயதோடு வரும் மாற்றமாகவும் அது இருக்கலாம் என்றார். குந்தும்போது அடிமுதுகு சற்று வளைவதும் அதனளவில் தவறில்லை, எத்தனையோ பேர் வலியின்றி அப்படிக் குந்துகிறார்கள். ஏற்கெனவே எரிச்சலடைந்திருக்கும் ஓர் இடத்தை ஒரு நாளைக்கு எண்பது முறை, அதன் வளைவின் கடைசி எல்லைக்குக் கொண்டுபோய் அழுத்துவதுதான் என் சிக்கல் என்று பிரித்துச் சொன்னார். முதுகு உடைந்துபோன பொருள் என்ற எண்ணத்தோடு ஓர் ஆண்டு வாழ்ந்த எனக்கு இந்த விளக்கம் மருந்தைவிடப் பெரிதாக இருந்தது.

இரண்டாம் முறை வரும்போது வெட்டுக்கத்தியைக் கொண்டுவரச் சொன்னார். சுவரில் தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டுநாடாவால் சாய்வாக ஒரு கோடு போட்டு, அதில் வெட்டுவது போலச் செய்து காட்டச் சொன்னார். கத்தியை உறையிலிருந்து எடுத்தபோது காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வேலையை அவருக்கு விளக்க நான் பட்ட பாடு பெரிதல்ல; விளக்கத்தைக் கேட்க ஒருவர் இருந்தது பெரிது. மிகத் தாழ்ந்த வெட்டுகளுக்குக் குந்துவதற்குப் பதிலாக ஒரு முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம் என்று அவரே கண்டுபிடித்தார். முழங்காலுக்கு, பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டித் துணியில் தைத்துக் கட்டிக்கொண்டேன். இப்போது எண்பதில் முப்பது மரங்களை அப்படித்தான் வெட்டுகிறேன்.

பயிற்சிகளில் நான் மிகவும் மதிப்பது செங்கல் கணக்கு. வீட்டுத் திண்ணைக்கு முன்னால் ஆறு செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டு, அதில் பிட்டம் தொடும் வரை மெதுவாக இறங்கி, உட்காராமல் எழ வேண்டும். செங்கல் ஒன்றின் கனம் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர், எனவே ஆறு கல் ஒரு நாற்காலியின் உயரம். ஒரு நாளைக்கு எட்டு முறை வீதம் மூன்று தொகுதி. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வடிந்தும் இருந்தால், ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு கல்லை எடுத்துவிடலாம். இல்லையென்றால் அதே உயரத்தில் இன்னொரு வாரம். இறங்கும்போது ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வலியுள்ளவனைச் சுமை தூக்கச் சொல்கிறாரே என்று முதலில் தயங்கினேன். முன்பக்கம் சிறிது எடை இருந்தால் அது எதிரெடையாக நின்று உடம்பைப் பின்னே விழாமல் தாங்குகிறது. அதனால் முதுகு நிமிர்ந்தபடியே இடுப்பு கீழே இறங்க முடிகிறது. கேனோடு நான் குந்துவது கேன் இல்லாமல் குந்துவதைவிட எளிதாக இருந்தது. நம்பிக்கை இல்லாதவர் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இதோடு கணுக்காலுக்குச் சுவரோரப் பயிற்சியும் கெண்டைக்கால் தசையை நீட்டுவதும் நாள்தோறும் உண்டு. வயிறு, விலா, முதுகுத் தசைகளுக்கென்று மூன்று பயிற்சிகள்: மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் சற்று உயர்த்துவது, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. குனிந்து பொருள் எடுக்கும்போது இடுப்பு மூட்டில் மடங்கப் பழகுவதற்கு மண்வெட்டிக் கணை (கைப்பிடிக் கம்பு) ஒன்றை முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். தலையின் பின்புறம், மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கணை தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எங்கும் சொல்லிக் கொடுப்பவைதாம்.

எங்கும் சொல்லாத ஒன்றையும் சொன்னார். காசு செலவில்லாத அந்த மாற்றம்தான் என் வலியைக் குறைத்ததில் பாதி என்று கருதுகிறேன். இரவு படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் காலையில் நாம் இரவில் இருந்ததைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம்; அந்தக் கூடுதல் உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது. உப்பியிருக்கும் நேரத்தில் முன்னே வளைந்தால் ஜவ்வுக்கும் தசைநாருக்கும் அழுத்தம் கூடுதல். எழுந்த முதல் இரண்டு மணி நேரம் முன்குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட நடுவலி குறைந்ததாக 1998-இல் ஓர் ஆய்வும் வெளிவந்திருக்கிறது. பால் வெட்டுகிறவனோ எழுந்த கையோடு தோட்டத்தில் நிற்கிறான். குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. “நேரத்தை மாத்த முடியாட்டி, வரிசையை மாத்தலாம்ல அண்ணா” என்று அவர் கேட்டார். வீட்டுக்கு அருகிலிருந்து தொடங்கி ஓடைக்கரையில் முடிப்பது என் தகப்பனார் காலத்து வரிசை. தாழ்ந்த வெட்டுகள் பெரும்பாலும் வீட்டுக்கு அருகில்தான் இருந்தன. எழுந்த இருபதாம் நிமிடத்தில் நான் குந்திக்கொண்டிருந்தேன். இப்போது ஓடைக்கரைக்கு முதலில் நடந்துபோய், உயர்ந்த வெட்டுகளை எல்லாம் நின்றபடி முடித்துக்கொண்டு, தாழ்ந்தவற்றைக் கடைசியில் வெட்டுகிறேன். நடைதூரம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். இத்தனை ஆண்டில் எனக்கோ, என்னைப் போல வெட்டுகிற வேறு யாருக்கோ இது தோன்றவில்லை.

குதிகால் பலகையை நிலையத்தில் விற்கவில்லை. ஆசாரியிடம் செய்துகொள்ளுங்கள் என்று அளவு எழுதித் தந்தார். அயினி மரத்தில் ஆப்பு போலச் சரிவாகச் செதுக்கி, மேலே பழைய டியூப்பை ஒட்டி வாங்கிக்கொண்டேன். தோட்டத்துக்கு இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, எனவே வீட்டுப் பயிற்சிக்கும் கழிப்பறைக்கும் மட்டும் பயன்படுத்தினேன். தோட்டத்தில் சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கம் குதிகால் இருக்கும்படி உட்காரப் பழகிக்கொண்டேன்; எங்கள் நிலம் சரிவு நிலம் என்பதால் இது பெரும்பாலான மரங்களில் கைகூடுகிறது.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. மாசியில் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருந்த காலத்தில் தொடங்கியதால் முதல் ஆறு வாரமும் நல்ல முன்னேற்றம் இருந்தது. ஆறு கல் மூன்றாகக் குறைந்தது. சித்திரையில் வெட்டு தொடங்கிய முதல் நாளே, இனி என்ன என்ற துணிச்சலில் 210 மரத்தையும் ஒரே மூச்சில் வெட்டினேன். மறுநாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது, எல்லாம் வீணாகிவிட்டது என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். கால் மரத்திருக்கிறதா, சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா என்ற அதே கேள்விகளை முதலில் கேட்டார். இல்லை என்றதும், இது புதிய காயம் அல்ல, பழகாத சுமைக்கு முதுகு காட்டும் முரண்டு. இரண்டு நாள் நடை மட்டும், பிறகு இரண்டு கல்லைத் திரும்ப அடுக்கி அங்கிருந்து தொடங்குங்கள், தோட்டத்தில் முதல் வாரம் நூறு மரத்துக்கு மேல் வேண்டாம் என்றார். எட்டாம் நாள் பழைய நிலைக்கு வந்துவிட்டேன். அந்த ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சுக்கு அவர் கட்டணம் வாங்கவில்லை. அன்று அவர் பதறியிருந்தால் நான் இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போயிருப்பேன்.

வைகாசியில் என் அக்காள் மகனையும் அழைத்துப் போனேன். மருமகனுக்கு வயது 24. நாகர்கோவிலில் ஜிம்முக்குப் போகிறான். தோளில் பார்பெல் வைத்துக் குந்தும்போது, 80 கிலோவில், கீழே போனதும் அதே இடத்தில் அவனுக்கும் வலி. மாமா செய்த கணுக்கால் பயிற்சியையே தானும் செய்துகொள்கிறேன் என்று இரண்டு மாதம் செய்து பார்த்தும் அவனுக்குப் பயன் கிடைக்கவில்லை. காரணம், அவனுடைய கணுக்கால்கள் இரண்டும் நன்றாகவே மடங்கின. படுக்க வைத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுபோனபோது இடுப்பு மூட்டு பாதியில் முட்டி நின்றது. முழங்காலை வெளிப்பக்கம் சற்று விரித்துக் கொண்டுபோனால் தாராளமாக மடங்கியது. இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும் தொடை எலும்பின் கழுத்துக் கோணமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லாருக்கும் ஒரே கால் இடைவெளி பொருந்தாது. ஜிம்மில் கால்களைத் தோள் அகலத்தில் நேராக வைக்கும்படி சொல்லிக் கொடுத்ததை அவன் வேதமாகப் பிடித்துக்கொண்டிருந்தான். இடைவெளியைக் கூட்டி, பாத நுனியை வெளியே திருப்பி, இடுப்பு சுருளத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே நிறுத்தி, எடையை 50 கிலோவுக்குக் குறைத்து, இறங்குவதற்கு மூன்று நொடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். தோளில் கம்பி வைப்பதற்குப் பதிலாக நெஞ்சுக்கு முன் டம்பெல்லைப் பிடித்துச் சில வாரம் குந்தவும் சொன்னார். இரண்டே வருகையில் அவனுடைய சிகிச்சை முடிந்தது. ஒரே வலி, ஒரே அசைவு, இரண்டு வேறு காரணங்கள். எனக்குச் சொன்னதையே அச்சடித்து அவனுக்கும் கொடுத்திருந்தால் அந்த நிலையத்தைப் பற்றி நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

மருமகன் கேட்டதால் பட்டைகளைப் பற்றியும் தெளிவு கிடைத்தது. நான் மருந்துக்கடையில் வாங்கியது துணியும் கம்பியும் கொண்ட இடுப்புப் பட்டை. நாள்பட்ட நடுவலிக்கு இத்தகைய பட்டைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. ஜிம்மில் கட்டும் தோல் பட்டை வேறு வகை. மூச்சை நிறைத்துப் பிடித்து வயிற்றை அதன் மேல் வெளியே தள்ளும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி நடு உறுதிப்படுகிறது. அப்படித் தள்ளத் தெரியாதவருக்கு அது வெறும் தோல். கனத்த எடை தூக்கும்போது மட்டும் கட்டு, வலியை மறைக்கக் கட்டாதே என்று அவனிடம் சொன்னார்.

இனிக் குறைகள். முதலாவது, படிக்கட்டு. நடுவலிக்காரர்களும் முழங்கால் வலிக்காரர்களும் ஏறி வர வேண்டிய நிலையம் செங்குத்தான, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே உள்ள படிகளுக்கு மேலே இருப்பது நியாயமில்லை. ஒரு முறை என் முன்னே ஒரு பாட்டி ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதைப் பார்த்தேன். இரண்டாவது, நேரம். 10 மணிக்கு என்று குறித்துக் கொடுத்தால் பத்தே முக்காலுக்கு முன் கூப்பிட்டது ஒரு முறைதான். சனிக்கிழமை இன்னும் மோசம். நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் வலி கூடும் நோயாளிகளுக்குக் கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம். மூன்றாவது, பயிற்சித் தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. படங்கள் உண்டு என்றாலும் எத்தனை முறை, எத்தனை நொடி என்பவை எல்லாம் ஆங்கிலம். என் மகள் ஒவ்வொரு படத்தின் கீழும் தமிழில் எழுதிக் கொடுத்தாள். பால் வெட்டுகிறவர்களும் மீன் விற்கும் பெண்களும் முந்திரி ஆலைத் தொழிலாளர்களும் வருகிற இடத்தில் தமிழில் ஒரு தாள் அச்சடிப்பது கடினமான காரியமில்லை. கேட்டபோது செய்கிறோம் என்றார்கள், ஆனி மாதம் வரை செய்யவில்லை.

நான்காவதை நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டும். நான்காம் வருகையின்போது மருத்துவர் இன்னொரு நோயாளியோடு இருந்த நேரத்தில் உதவியாளர் என்னைப் படுக்க வைத்து, இடுப்பில் கரண்டு மெஷினின் பட்டைகளை ஒட்டி இருபது நிமிடம் ஓடவிட்டார். ரசீதில் 150 ரூபாய் கூடுதலாக இருந்தது. இது எதற்கு என்று மருத்துவரிடமே கேட்டேன். உங்களுக்குத் தேவையில்லை, பலர் மெஷின் வைக்காவிட்டால் சிகிச்சையே நடக்கவில்லை என்று நினைக்கிறார்கள், அதனால் வழக்கமாகிவிட்டது என்று ஒளிக்காமல் சொன்னார்; பணத்தை அடுத்த கட்டணத்தில் கழித்துக்கொண்டார். நான் முன்பு சொன்ன அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல், இந்த மின்தூண்டல் சிகிச்சையையும் நாள்பட்ட நடுவலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. கேட்டவனுக்குக் கழித்துக் கொடுத்தார்கள், கேட்கத் தெரியாதவர்களிடம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவ்வளவு நேர்மையாகப் பேசும் ஒருவர் இந்த வழக்கத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது என் உண்மையான விருப்பம். அங்கே போகிறவர்கள், மெஷின் வைக்கும் முன் இது எனக்கு எதற்கு என்று கேட்டுவிடுங்கள்.

கட்டணம் முதல் முறை 500 ரூபாய், பிறகு ஒவ்வொரு முறையும் 350. பதினோரு வருகைக்கும் சேர்த்து எனக்கு 4,000 ரூபாய் ஆனது. எம்.ஆர்.ஐ. எடுக்க நான் கொடுத்ததைவிட இது குறைவு. முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடைசியில் மாதம் ஒரு முறை என்று அவர்களே இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்து நாள் தொடர்ந்து வர வேண்டும், மொத்தமாகப் பணம் கட்டுங்கள் என்ற பேச்சு அங்கே இல்லை.

இந்த நிலையம் எல்லாருக்கும் ஏற்றதல்ல. கை வைத்துத் தடவிவிட்டால் போதும், பயிற்சி செய்ய நேரமில்லை என்பவருக்கு அங்கே ஏமாற்றம்தான் மிஞ்சும். பதினோரு வருகையில் அவர் என் முதுகில் கை வைத்தது மொத்தமாகப் பதினைந்து நிமிடம் இருக்காது. நான் மேலே எழுதிய அபாய அறிகுறிகளில் ஏதேனும் இருப்பவர், குறிப்பாகச் சிறுநீர் கட்டுப்படாமலோ போகாமலோ, சைக்கிள் சீட் படும் இடம் மரத்தோ இருப்பவர், எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் போகாமல் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அது சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய நிலை.

இன்று என் நிலையைச் சொல்கிறேன். வலது கணுக்கால் 4-லிருந்து 8 சென்டிமீட்டருக்கு வந்திருக்கிறது. இடது காலைப் போல 10 சென்டிமீட்டருக்கு இனியும் வருமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். செங்கற்கள் இல்லை. 210 மரமும் வெட்டுகிறேன். தொடர்ந்து மழை பெய்து நாலைந்து நாள் வெட்டு நின்று, மறுபடியும் இறங்கும் முதல் நாளில் பத்துக்கு இரண்டு என்ற அளவில் பிடிப்பு வரும், மாலைக்குள் போய்விடும். கழிப்பறையில் பலகை இல்லாமலே உட்கார்ந்து எழுகிறேன். 650 ரூபாய்ப் பட்டை அலமாரியில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. செவ்வாய், புதன் பிற்பகலில் கூட்டம் குறைவு. இறுக்கமான பேண்ட் வேண்டாம். குந்துவதற்குத் தோதான வேட்டியோ டிராக் பேண்ட்டோ உடுத்திப் போங்கள். பழைய படங்களை எடுத்துச் செல்லுங்கள், ஆனால் அவற்றை முதலில் நீட்ட வேண்டாம். பால் வெட்டுகிறவர் கத்தியையும், வலை பின்னுகிறவர் ஊசியையும், ஜிம்முக்குப் போகிறவர் தாம் குந்தும்போது பக்கவாட்டில் எடுத்த படத்தையும் முதல் நாளே கொண்டுபோனால் ஒரு வருகை மிச்சமாகும்.